வெண்கலத்தைவிட எஃகுக்கு ஏன் அதிக விலை? ரிச்சர்ட் ஹன்ட் சிற்பங்கள் ஏலத்துக்கு வரும்போது

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கும் மற்றவர்களுக்கும் புரியும். சிகாகோச் சிற்பி ரிச்சர்ட் ஹன்ட்டின் இரண்டு அரூபச் சிற்பங்களை ஒரே ஏலப் பட்டியலில் பார்த்திருக்கிறீர்கள். ஒன்று 1950-களின் கடைசியில் வெல்டிங் செய்த எஃகு. முழங்கால் உயரம்கூட இல்லை. மற்றது பின்னாளில் செய்த வெண்கலம். இடுப்பு உயரம், நல்ல மெருகு. ஆனால் மதிப்பீடு எஃகுக்குத்தான் அதிகம். வெண்கலம்தானே உசத்தியான உலோகம், பட்டியலில் ஏதாவது தவறா, வாங்குவதென்றால் எதைக் கவனிக்க வேண்டும் என்பது உங்கள் கேள்வி.

தவறு எதுவும் இல்லை. பித்தளையையும் வெண்கலத்தையும் எடை போட்டு வாங்கியும் விற்றும் வளர்ந்தவர்கள் நாம், அதனால் இந்தச் சந்தேகம் வருவது இயல்புதான். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுத் தகடு, ஒரு சதுர மீட்டர், ஏறக்குறைய 47 கிலோ. முழங்கால் உயரச் சிற்பத்துக்கு அதில் ஒரு துண்டு போதும். பழைய இரும்புக் கடையில் அதற்கு என்ன கொடுப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். வெண்கலம் அதைவிடப் பல மடங்கு பெறும். ஆனாலும் ஏல விலைக்குப் பக்கத்தில் வைத்தால் இரண்டுமே சில்லறைதான். அதனால் உலோகத்தின் விலையைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுங்கள். அப்போது மிஞ்சுவது ஒரே கேள்வி: இந்த உலோகத்துண்டுகளை யாருடைய கை இணைத்தது?

உலோகச் சிற்பங்களுக்கு நிலை அறிக்கை எழுதுவது பல வருடங்களாக என் வேலை. விற்பனைக்கு முன் ஒவ்வொன்றையும் டார்ச் வெளிச்சத்தில் சுற்றிச் சுற்றிப் பார்த்து, விரிசல், துரு, பிறகு யாரோ ஒட்டவைத்த இடம், தேய்ந்த மெருகு எல்லாவற்றையும் எழுதிவைக்க வேண்டும். அந்த அனுபவத்தை வைத்துத்தான் பேசுகிறேன்.

ஹன்ட்டின் ஆரம்பகால எஃகுக்கு இவ்வளவு மதிப்பு ஏன் என்று புரிய, அவர் வெல்டிங்குக்கு வந்த கதை தெரிய வேண்டும். 1935-இல் சிகாகோவின் தென்பகுதியில் பிறந்தவர். அப்பா முடிதிருத்துபவர். 1953-இல் சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டில் இருபதாம் நூற்றாண்டுச் சிற்பங்களின் பெரிய கண்காட்சி நடந்தது. அங்கே ஹூலியோ கொன்சாலெஸ் என்ற ஸ்பானியச் சிற்பியின் வேலையைப் பார்த்தார். கொன்சாலெஸ் முதல் உலகப் போர்க் காலத்தில் பாரிசில் ரெனோ கார் தொழிற்சாலையில் வெல்டிங் பழகியவர். பிற்பாடு பிக்காசோவுக்கே உலோகம் இணைக்கக் கற்றுக்கொடுத்தவர். கல்லைக் குடையாமல், களிமண் பிசையாமல், இரும்பைத் துண்டு துண்டாகச் சேர்த்து காற்றுவெளியில் ஒரு கோடு வரைவதுபோலச் சிற்பம் செய்யலாம் என்பது பதினேழு வயது ஹன்ட்டுக்கு அன்றுதான் தெரிந்தது. ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டின் கலைப்பள்ளியில் அப்போது வெல்டிங் சொல்லித்தர ஆள் இல்லை. தானாகவே பழகினார்.

அவர் வெல்டிங் பழகிய அதே 1955-இல், அவருடைய ஊர்ப் பையன் எம்மெட் டில், பதினான்கு வயது, மிசிசிப்பியில் வெள்ளையர்களால் அடித்துக் கொல்லப்பட்டான். என் பிள்ளைக்கு என்ன செய்தார்கள் என்று உலகம் பார்க்கட்டும் என்று சிகாகோவில் நடந்த இறுதிச்சடங்கில் அவன் தாய் சவப்பெட்டியை மூடவிடவில்லை. ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்று பார்த்தார்கள். பத்தொன்பது வயது ஹன்ட்டும் அந்தக் கூட்டத்தில் நின்றார். அடுத்த வருடம் ‘வீரனின் தலை’ என்ற பெயரில் சிறியதொரு எஃகுச் சிற்பம் செய்தார்: நசுங்கி, கிழிந்து, மறுபடி சேர்த்துப் பற்றவைத்த ஒரு தலை. அந்தச் சிற்பத்தின் படத்தைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அதன் வெல்டிங் தழும்பு என் கண்ணுக்குத் தையல் போட்ட காயமாகவே படுகிறது. அதே 1956-இல் செய்த ‘அராக்னே’யை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. அப்போது அவர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார். 1971-இல் அதே அருங்காட்சியகம், அதுவரை செய்த வேலைகளைத் திரட்டிக் காட்டும் பின்னோக்குக் கண்காட்சியை அவருக்கு வைத்தது. ஆப்பிரிக்க அமெரிக்கச் சிற்பி ஒருவருக்கு அங்கே கிடைத்த முதல் பின்னோக்குக் கண்காட்சி அதுதான்.

அந்தக் காலத்து எஃகெல்லாம் பெரும்பாலும் பழைய இரும்புக் குவியலில் பொறுக்கியது. சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டில் இருக்கும் 1958-ஆம் வருட ‘ஹீரோ கன்ஸ்ட்ரக்‌ஷன்’ குழாய்த்துண்டு, கார் பாகம் என்று எதையெதையோ சேர்த்துச் செய்தது. பிறகு கார் பம்பர்களின் குரோம் எஃகையும் எடுத்து வேலை செய்தார். இப்படிச் செய்த சிற்பத்துக்கு இரட்டை கிடையாது. அச்சு இல்லை, நகல் இல்லை. அந்த பம்பரின் அந்த வளைவு மறுபடி கிடைக்காது. உங்கள் பட்டியலில் இருக்கும் எஃகு இந்த வம்சம். அதனால்தான் அந்த மதிப்பீடு.

இப்போது வெண்கலத்துக்கு வருவோம். பெரும்பாலோர் தடுமாறும் இடம் இது. பட்டியலில் ‘வெண்கலம்’ என்று மொட்டையாக இருந்தால் அது எந்த வகை என்று கேட்காமல் விடாதீர்கள். வார்த்த வெண்கலம் வேறு, பற்றவைத்த வெண்கலம் வேறு. ஹன்ட் இரண்டும் செய்திருக்கிறார்.

வார்ப்பு நமக்கு அன்னியமில்லை. சுவாமிமலையில் மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, அந்த இடத்தில் உலோகம் ஊற்றி, மண்ணை உடைக்கிறார்கள். மெழுகும் போச்சு, அச்சும் போச்சு. ஒரு மெழுகுக்கு ஒரு சிலை, உள்ளே கெட்டி. அமெரிக்க வார்ப்படச் சாலைகளில் நடப்பது கொஞ்சம் வேறு. சிற்பி கொடுத்த மூல உருவத்தின்மேல் ரப்பர் அச்சு எடுத்துவிடுகிறார்கள். அதிலிருந்து எத்தனை மெழுகு வேண்டுமானாலும் எடுக்கலாம். ஒவ்வொரு மெழுகையும் பீங்கான் குழம்பில் பலமுறை முக்கி ஓடு கட்டி, உள்ளே கூடாக வார்க்கிறார்கள். பெரிய சிற்பமென்றால் பகுதி பகுதியாக வார்த்து, வெல்டிங் வைத்து, மூட்டு தெரியாமல் தேய்த்துவிடுவார்கள். கடைசியாக 3/8 என்று அடியில் ஒரு எண் விழுகிறது: எட்டில் மூன்றாவது.

பற்றவைத்த வெண்கலத்தில் இந்த ஏற்பாடு எதுவும் இல்லை. எஃகுத் தகட்டை வெட்டி இணைப்பதுபோலவே வெண்கலத் தகட்டை வெட்டி, வளைத்து, நேரடியாக வெல்டிங் வைப்பது. அதுவும் ஒன்றே ஒன்றுதான். வாஷிங்டனில் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு பண்பாட்டுக்கான தேசிய அருங்காட்சியகத்தின் முன்கூடத்தில் மேலிருந்து தொங்கும் ஹன்ட்டின் ‘ஸ்விங் லோ’ அப்படிப் பற்றவைத்த வெண்கலம்தான். ஆக உங்கள் இடுப்புயர வெண்கலம் பற்றவைத்ததாக இருந்தால், அது எஃகுக்கு அண்ணன் தம்பி முறை. வார்ப்பாக இருந்தால், அதே உருவம் வேறு சில வீடுகளிலும் இருக்கலாம் என்று பொருள். எண் போட்ட வார்ப்பென்றால் மட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். பிரெஞ்சு-அமெரிக்கச் சிற்பி லூயிஸ் பூர்ஷ்வாவின் பிரம்மாண்டமான வெண்கலச் ‘சிலந்தி’ வார்ப்பு வரிசையில் ஒன்றுதான். 2023 மே மாதம் நியூயார்க்கில் 3.28 கோடி டாலருக்குப் போனது. ஆனால் எட்டு இருக்கும் பொருளுக்கு முந்தைய இரண்டு மூன்று விற்பனை விலைகள் எங்காவது பதிவாகியிருக்கும். அவற்றைத் தேடிப் பார்க்காமல் கை தூக்கக்கூடாது. ஒற்றைச் சிற்பத்துக்கு அப்படி ஒப்பிட எதுவும் இருக்காது; கண்ணை நம்பித்தான் கேட்க வேண்டும்.

எண்ணிக்கையைப் பற்றி இன்னொன்று. பிரான்சில் எட்டு வார்ப்பும் சிற்பிக்கென்று நான்கும், ஆக 12 வரைதான் அசல் என்று வரிச் சட்டமே வரையறுக்கிறது. அமெரிக்காவில் எல்லாருக்கும் பொதுவாக அப்படியோர் எல்லை இல்லை. எத்தனை வார்ப்பது என்பது சிற்பி, வார்ப்படச் சாலை, காலரி மூவரும் பேசிக்கொள்வது. சிற்பி இறந்தபின் வார்த்ததா என்பதையும் கேளுங்கள். ஹன்ட் 2023 டிசம்பர் 16 அன்று, 88 வயதில் காலமானார்.

வெண்கலம் என்று நாம் சொல்வது செம்பும் வெள்ளீயமும். அமெரிக்கச் சிற்பிகள் பெரிதும் பயன்படுத்தும் ‘வெண்கலத்தில்’ வெள்ளீயம் அநேகமாக இருக்காது. 95 சதவீதம் செம்பு, 4 சதவீதம் சிலிக்கான், 1 சதவீதம் மாங்கனீசு. எவர்டூர் என்று வார்ப்படச் சாலைகளில் அழைப்பார்கள். அதே கலவையில் வெல்டிங் கம்பியும் வருவதால், மூட்டும் தகடும் ஒரே நிறத்துக்கு வரும். வேறு கம்பி வைத்துப் பிற்காலத்தில் யாராவது பழுதுபார்த்திருந்தால், மெருகு போட்டபின்னும் அந்த இடம் கொஞ்சம் வேறு சாயலில் காட்டிக்கொடுத்துவிடும். நான் முதலில் தேடுவது அதைத்தான். எஃகில் பார்க்க வேண்டியது வேறு. கேஸ் வெல்டிங்கில் கை சீராகப் போயிருந்தால் மூட்டின்மேல் மீன் செதில் அடுக்கியதுபோல வரிவரியாக இருக்கும். ஒவ்வொருவர் கைக்கும் அந்தச் செதிலின் அகலமும் வேகமும் வேறு. ஒரே சிற்பத்தில் பத்து மூட்டு ஒரு மாதிரியும் பதினோராவது மட்டும் வேறு மாதிரியும் இருந்தால், அது எப்போதோ உடைந்து ஒட்டியது. ஹன்ட் பிற்காலச் சிற்பங்களில் மூட்டைத் தேய்த்து மறைத்துவிடுவார். உலோகம் தானாகவே கொழுந்து விட்டு வளர்ந்ததுபோல் ஓடும். இளம் வயதில் விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர், எலும்பும் இறக்கையும் தண்டும் அந்த உருவங்களில் கலந்து கிடப்பது அதனால் என்று எனக்குத் தோன்றும். பெரிய பொது இடச் சிற்பங்களில் உதவியாளர்களும் வேலை செய்திருக்கிறார்கள். அவர் செய்த பொது இடச் சிற்பங்களே 160-க்கும் மேல். 1971-இல் சிகாகோவில் ஒரு பழைய டிராம் துணை மின்நிலையத்தை வாங்கிப் பட்டறையாக மாற்றிக்கொண்டார். உள்ளேயே மேல்தளக் கிரேன் ஓடும் அளவுக்கு உயரம். ஆரம்பகாலச் சின்ன எஃகுகளுக்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும் அளவிலும் நடையிலும் இருக்கும் வித்தியாசத்தில் இந்தக் கட்டடத்துக்கும் பங்கு உண்டு.

மேற்பரப்பு பற்றிக் கொஞ்சம் நீட்டிப் பேச வேண்டும். விலை பாதியாகும் இடம் அது. வெண்கலச் சிற்பத்தின் பழுப்பும் பச்சையும் பெரும்பாலும் தானாக வருவதில்லை. உலோகத்தைத் தீயில் சூடாக்கி, இரும்பு நைட்ரேட் கரைசலைத் தூரிகையால் தட்டினால் செம்பழுப்பு, செம்பு நைட்ரேட் என்றால் பச்சை நீலம், மேலே மெழுகுப் பூச்சு. சிற்பி நின்று தேர்ந்தெடுத்த நிறம் அது. ஒருமுறை ஒரு வெண்கலம் என்னிடம் வந்தது. வீட்டில் அக்கறையாகப் பார்த்துக்கொள்வதாக நினைத்து வருடக்கணக்கில் பித்தளை பாலிஷ் போட்டுத் தேய்த்திருந்தார்கள். மேடெல்லாம் குத்துவிளக்கு மஞ்சள், பள்ளத்தில் மட்டும் பழைய பழுப்பு, இடுக்கில் காய்ந்துபோன வெள்ளைப் பாலிஷ். கை படும் உயரத்தில் மட்டும் அப்படி. அதற்கு மேலே சிற்பி விட்டுப்போன நிறம் அப்படியே இருந்தது. அறிக்கையில் அதை எழுதும்போது மனசு கேட்கவில்லை. மறுபடி நிறம் ஏற்றலாம். ஆனால் அது இன்னொருவர் ஏற்றிய நிறம். வெளிர் பச்சையில் மாவுபோல உதிரும் புள்ளிகள் தெரிந்தால் இன்னும் உஷார்: உப்பு உள்ளே புகுந்து உலோகத்தைத் தின்றுகொண்டிருக்கிறது.

எஃகிலும் இதே கதைதான். டேவிட் ஸ்மித்தை எடுத்துக்கொள்ளுங்கள், அமெரிக்காவில் வெல்டிங் சிற்பத்தை நிலைநிறுத்தியவர், இளமையில் ஸ்டூட்பேக்கர் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். சிவப்பு வண்ணம் பூசிய தன் எஃகுச் சிற்பம் ஒன்று கைமாறும்போது வண்ணத்தைச் சுரண்டிவிட்டார்கள் என்று தெரிந்ததும், இது என் படைப்பே இல்லை என்று 1960-இல் பகிரங்கமாக அறிவித்தார். 1965-இல் வாகன விபத்தில் அவர் இறந்தபின், அவர் சொத்தை நிர்வகித்தவர்களில் ஒருவரான விமர்சகர் கிளெமென்ட் கிரீன்பெர்க்கின் பொறுப்பில் வேறு சில சிற்பங்களிலும் வண்ணம் போனது. 1974-இல் கலை விமர்சகர் ரோசலிண்ட் கிராஸ் அதை அம்பலப்படுத்தினார். பெரிய சண்டையானது. ‘வெறும் எஃகு’ அழகாக இருக்கிறதே என்று உங்களுக்குத் தோன்றலாம், ஆனால் சிற்பி அதை வெறுமையாக விட்டாரா, யாராவது உரித்தார்களா என்று பழைய புகைப்படத்தை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும். ஸ்மித்தின் ‘கியூபி’ வரிசைத் துருப்பிடிக்காத எஃகில் அவர் உலோகம் தேய்க்கும் கிரைண்டரால் இழுத்த சுழிகள் வெயிலில் தூரிகைத் தீற்றுபோல மின்னும். யாராவது ‘சுத்தம்’ பண்ணி அதை வழவழப்பாக்கினால் சிற்பமே போய்விடும்.

துருவே மேற்பரப்பாக இருக்கும் சிற்பங்களும் உண்டு. கார்-டென் என்ற எஃகு 1930-களில் யு.எஸ். ஸ்டீல் கொண்டுவந்தது. செம்பு, குரோமியம் கலந்திருப்பதால் மேலே பிடிக்கும் துரு கெட்டியாகி உள்ளே பரவாமல் தடுக்கும். மார்ட்டின் லூதர் கிங் நினைவாக மெம்ஃபிஸில் ஹன்ட் 1977-இல் செய்த சிற்பம் இந்த எஃகுதான். ஆனால் நனைந்து காய்ந்துகொண்டே இருந்தால்தான் அந்தக் காப்பு. ஒரு மடிப்பில் தண்ணீர் தேங்கி நின்றால் சாதாரண இரும்பு மாதிரி அரித்துவிடும். வெளியில் வைக்க வாங்குகிறீர்கள் என்றால் மழைத்தண்ணீர் வழிய ஓட்டை விட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இனி ஏலக் கணக்கு. மதிப்பீடு என்று இரண்டு எண் போட்டிருப்பார்கள், உதாரணமாக 30,000 முதல் 50,000 டாலர். இதற்குக் கீழே தரமாட்டோம் என்று விற்பவரோடு ரகசியமாக ஒரு அடிவிலை பேசியிருப்பார்கள். அது கீழ் எண்ணைத் தாண்டாது. சுத்தியல் 40,000-இல் விழுந்தால் நீங்கள் கட்டுவது 40,000 அல்ல. வாங்குபவர் கட்டணம் மேலே ஏறும். சோதபீஸ் என்ற பெரிய ஏல நிறுவனம் 2024-இல் இதைப் பெரும்பாலான பொருளுக்கு 20 சதவீதமாகக் குறைத்தது; 2025 பிப்ரவரியில் 20 லட்சம் டாலர் வரை 27 சதவீதம் என்று திரும்பவும் ஏற்றியது. 27 சதவீதத்தில் உங்கள் 40,000 டாலர் 50,800 ஆகிவிடும். வரியும் கப்பல் கூலியும் தனி. வலையில் நீங்கள் பார்க்கும் பழைய விற்பனை விலைகள் பெரும்பாலும் கட்டணம் சேர்த்தவை, மதிப்பீடோ கட்டணம் சேராதது. இரண்டையும் அப்படியே ஒப்பிட்டு ‘மதிப்பீட்டைத் தாண்டிப் போயிற்று’ என்று ஏமாறுபவர்கள் நிறைய. நிஜமாகவே தாண்டிப் போவதும் உண்டு. ஸ்மித்தின் ‘கியூபி 28’ 2005 நவம்பரில் 80 லட்சம் முதல் 1.2 கோடி டாலர் மதிப்பீட்டில் வந்து, கட்டணத்தோடு 2.38 கோடியில் முடிந்தது. வெறும் எஃகு, அன்றைக்கு ஏலத்தில் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய கலைக்குக் கிடைத்த உச்ச விலை.

ஹன்ட் விஷயத்தில் காலமும் ஒரு காரணம். 2023 நவம்பரில் லண்டனைத் தலைமையகமாகக் கொண்ட வைட் கியூப் காலரி அவரைத் தன் கலைஞராக அறிவித்தது. அடுத்த மாதமே அவர் போய்விட்டார். 2024-இல் அவர்கள் நியூயார்க்கில் வைத்த கண்காட்சி முழுக்க ஆரம்பகால வேலைகள். ஒரு பெரிய காலரி எந்தப் பத்தாண்டைத் தூக்கிப் பிடிக்கிறதோ, தேடல் அந்தப் பக்கம் சாயும். இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு: 1980, 90-களில் அவர் பற்றவைத்த வெண்கலங்கள் அந்த வெளிச்சத்துக்கு வெளியே நிற்கின்றன. வேலைத்திறனில் அவை எந்த விதத்திலும் குறைந்தவை அல்ல.

எடையையும் யோசித்து வையுங்கள். மாட்ரிட்டின் ரெய்னா சோஃபியா அருங்காட்சியகத்துக்குச் சொந்தமான, அமெரிக்கச் சிற்பி ரிச்சர்ட் செர்ராவின் 38 டன் எஃகுச் சிற்பம் ஒரு கிடங்கில் வைத்த இடத்திலிருந்து காணாமலே போனது. செர்ரா மறுபடி செய்து கொடுக்க வேண்டியிருந்தது. உங்களுடையது அவ்வளவு கனம் இல்லை, ஆனால் இடுப்புயர வெண்கலத்துக்கு மரப்பெட்டி அடித்து, உள்ளே அசையாமல் முட்டுக்கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். மெல்லிய நீட்டங்களைப் பிடித்துத் தூக்கினால் மூட்டில் விரிசல் விழும், அது வெளியே தெரிய மாதங்கள் ஆகும்.

இத்தனையும் சொல்லிவிட்டு என் தீர்ப்பைச் சொல்லாமல் போகக்கூடாது. வெண்கலம் வார்ப்பு என்றால், அந்தப் பணத்துக்கு எஃகை வாங்குங்கள். பற்றவைத்தது என்றால், நான் வெண்கலத்துக்குத்தான் கை தூக்குவேன். விலையும் குறைவு, இரட்டையும் இல்லை. இதைத் தெரிந்துகொள்ள ஏல நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போதும். நிலை அறிக்கை கேளுங்கள், கேட்டால் அனுப்புவார்கள். கூடவே சிற்பத்தைப் படுக்கவைத்து அடிப்பாகத்தை எடுத்த புகைப்படம் ஒன்று, பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழும்படி, வேண்டும் என்று எழுதுங்கள். எண்ணும் வார்ப்படச் சாலை முத்திரையும் இருந்தால் அங்கே தெரியும். இல்லையென்றால் தகடும் தகடும் சேரும் மூட்டு தெரியும். யாரும் பார்க்கப்போவதில்லை என்று கிரைண்டர் போகாமல் விட்ட இடம் அது, செதில் செதிலாக, அவர் கை போன வேகத்திலேயே உறைந்திருக்கும்.